தேயிலைத் தண்டுக்குள் கறையான்

கறையானுக்குத் தமிழில் பெயர்கள் பல. சிதல், சிதலை என்பன பழைய இலக்கியப் பெயர்கள். செல் என்பது இன்னொன்று. ‘செல்லரித்த புத்தகம்’ என்று இன்றும் சொல்கிறோமே, அந்தச் செல்தான். மரத்துக்குள்ளே இருந்துகொண்டு மாவாக உதிர்க்கும் சிறு புழுவுக்கு உளு என்று பெயர். உளுத்துப் போச்சு என்று நாம் பேசுவது அதன் வழி வந்தது. ஒரு மொழியில் ஒரு சிறு பிராணிக்கு இத்தனை சொல் இருக்கிறதென்றால், அந்த மொழி பேசியவர்கள் அதனிடம் நிறைய இழந்திருக்கிறார்கள் என்று எண்ணலாம்.

நாலடியாரில் ஓர் உவமை வருகிறது. கறையான் தின்ற ஆலமரத்தை அதன் விழுது ஊன்றித் தாங்குவதுபோல, தளர்ந்துபோன தந்தையை மகன் தாங்குவான் என்பது அதன் கருத்து. ஆலுக்கு விழுது உண்டு. நம் மலைகளில் இருக்கிற தேயிலைக்கு அது கிடையாது.

அல்குர்ஆனில் ஸபஃ அத்தியாயத்தின் 14ஆம் வசனம் நம் எல்லோருக்கும் தெரிந்தது. சுலைமான் (அலை) அவர்கள் தமது கைத்தடியில் சாய்ந்தபடியே மரணமடைகிறார்கள். அது தெரியாமல் ஜின்கள் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. பூமியின் சிறு பிராணி ஒன்று தடியை அரித்துத் தின்று, அவர்கள் கீழே விழுந்த பிறகுதான் விஷயம் வெளியாகிறது. மறைவானவற்றை ஜின்கள் அறியமாட்டா என்பதே அவ்வசனம் தரும் பாடம். அறபியில் கறையானுக்கு அரழா என்று பெயர். பனூ ஹாஷிம் குடும்பத்தாரை ஒதுக்கிவைத்துக் குறைஷியர் எழுதிக் கஃபாவில் தொங்கவிட்ட ஒப்பந்தத்தைத் தின்றதும் இந்த அரழாதான் என்று சீரா நூல்கள் கூறுகின்றன. இரண்டு சம்பவங்களிலும் தின்னுதல் நடந்தபோது பார்த்தவர் எவருமில்லை. முடிந்த பிறகுதான் தெரியவந்தது.

மலையகத்துத் தேயிலைச் செடிக்கும் இதுதான் நடக்கிறது. வெளியே பச்சை, உள்ளே கூடு. இங்கே நான் சொல்லவருவது ஒன்றுதான்: மரத்தைத் தின்னும் உயிர்கள் பெரும்பாலும் நாம் திறந்துவைத்த வாசலால்தான் உள்ளே வருகின்றன. அந்த வாசலைக் கவனிக்காமல் மருந்தை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் செடியும் மிஞ்சாது, அதை நம்பியிருக்கிற வீடும் மிஞ்சாது.

மரத்தில் தின்ன என்ன இருக்கிறது?

மரம் என்பது பெரும்பாலும் செலுலோசு. பஞ்சும் கடதாசியும் அதுவேதான். சீனி மூலக்கூறுகள் நீளச் சங்கிலியாகக் கோத்த பொருள் அது. சங்கிலியை அறுக்கத் தெரிந்தால் அவ்வளவும் உணவு. நமக்கு அது தெரியாது. மாட்டுக்குக்கூடத் தானாகத் தெரியாது. அதன் வயிற்றில் வாழும் நுண்ணங்கிகளே அந்த வேலையைச் செய்துகொடுக்கின்றன. செலுலோசு இழைகளை இறுக்கிப் பிடித்திருக்கும் பசை இலிக்னின். அதை உடைப்பது இன்னும் கடினம். மூன்றாவதாக, உயிருள்ள வெளி மரத்தில் செடி சேமித்துவைக்கும் மாப்பொருள் இருக்கிறது.

யார் எதைத் தேடி வருகிறார்கள் என்று பார்த்தால் கணக்குத் தெளிவாகிவிடும். கறையான் செலுலோசைத் தேடி வருகிறது. உளு வண்டுகளில் ஒரு வகை மாப்பொருளைத் தேடி வருகிறது. பங்கசுகளில் ஒரு பிரிவு செலுலோசைத் தின்று இலிக்னினை விட்டுவைக்கும். அப்படி உக்கிய மரம் கபில நிறமாகிச் சிறு சிறு சதுரமாக வெடிக்கும். இன்னொரு பிரிவு இலிக்னினையும் தின்னும். அந்த மரம் வெளுத்து நார்நாராகிப் போகும்.

மரமும் சும்மா இருப்பதில்லை. முதிர முதிர நடுப்பகுதியில் கசப்பும் நஞ்சுமான பொருள்களைச் சேர்த்து வைரமாக்கிக்கொள்கிறது. தேக்கு, முதிரை, பாலை போன்றவை நின்றுபிடிப்பது அதனால்தான். பழைய ஓடாவிமார் பலகை அறுக்கும்போது “வெள்ளைய எடுத்துப் போடு” என்பார்கள். வெள்ளை என்றால் மாப்பொருள் நிறைந்த வெளி மரம். உளுவுக்கு முதல் பந்தி அங்கேதான்.

கறையான் மரத்தை எப்படிச் செரிக்கிறது என்பது 1920களில்தான் தெளிவாயிற்று. அமெரிக்க ஆய்வாளர் கிளீவ்லண்ட், கறையானின் குடலில் வாழும் ஒருகல உயிர்களை மட்டும் கொன்றுவிட்டுக் கறையானை உயிரோடு விட்டுப் பார்த்தார். அது வழக்கம்போல மரத்தைத் தின்றது. தின்றுகொண்டே பட்டினியால் செத்தது. வாய் கறையானுடையது, செரிப்பது இன்னொருவர். புற்றுக் கட்டும் கறையான்களுக்கு வேறு ஏற்பாடு: அவை புற்றுக்குள்ளே பங்கசுத் தோட்டம் வைத்து வளர்க்கின்றன. மழைக்குப் புற்றில் முளைக்கிற, நாம் பிடுங்கிக் கறி சமைக்கிற காளான் அந்தத் தோட்டத்தின் பூ மாதிரி. இன்னொன்றும் சொல்லவேண்டும். வெள்ளை எறும்பு என்று சிலர் சொன்னாலும் கறையான் எறும்பு இனமல்ல. அது கரப்பான் பூச்சியின் குடும்பம் என்பதை மரபணு ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன.

புற்றுக் கட்டாத கறையான்

கறையான் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மண் புற்றும் சுவரில் ஏறும் மண் குழாயும்தான். கொட்டகலை, தலவாக்கலை, அட்டன் பக்கத்துத் தேயிலையில் இருக்கிற கறையான் அப்படிப்பட்டதல்ல. அது மண்ணைத் தேடுவதில்லை, புற்றும் கட்டுவதில்லை. உயிருள்ள செடியின் தண்டுக்குள்ளேயே பிறந்து, பெருகி, வாழ்ந்து முடிக்கிறது. போஸ்ட்எலக்ட்ரோடெர்மஸ் மிலிட்டாரிஸ் என்பது அதன் அறிவியற் பெயர். உயர் நாட்டு உயிர்மரக் கறையான் என்று நாம் சொல்லலாம். தாழ் நாட்டுத் தேயிலைக்கு இதேபோல வேறொன்று உண்டு. அதன் பெயர் கிளிப்டோடெர்மஸ் டைலாட்டாட்டஸ்.

அது வீடு பிடிக்கும் விதம் இது. சிறகு முளைத்த ஈசல்கள் பறந்து வந்து இறங்கும். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சிறகை உதிர்த்துவிட்டு இடம் தேடும். உயிருள்ள பட்டையைத் துளைத்துக்கொண்டு போக அவற்றால் ஆகாது. செத்த மரம் ஒரு துண்டு வேண்டும். கவ்வாத்து வெட்டில் காய்ந்துபோன குச்சி முனை, வெயில் பட்டு வெடித்த பட்டை, உக்கிப்போன கணு இவற்றில் ஒன்று கிடைத்தால் போதும், உள்ளே நுழைந்து வாசலை அடைத்துக்கொள்ளும். பிறகு குஞ்சு பொரித்து, செத்த மரத்திலிருந்து உயிர் மரத்துக்கு இறங்கி, ஆண்டுக் கணக்கில் தண்டைக் குடைந்து அடித்தூருக்கும் வேருக்கும் போய்விடும். ஒரு செடியின் வேர் அடுத்த செடியின் வேரைத் தொட்டால் அதுவே பாதை. இப்படித்தான் ஒரு மலையில் அங்கொன்று இங்கொன்று என்று தொடங்கிய வெற்றிடம் திட்டாக அகலுகிறது.

நான் தமிழ் படித்தவன். விலங்கியல் என் துறையல்ல. ஆனாலும் என்னிடம் படிக்கிற பிள்ளைகளில் பலருடைய தாய்மார் கொழுந்து எடுப்பவர்கள். செத்த செடி என்பது அவர்கள் வீட்டுக் கணக்கிலும் இருக்கிறது. வெற்றிடத்தில் கொழுந்து கிடையாது. அன்றைக்குச் சொன்ன கிலோவை எடுக்க அந்தத் தாய் இன்னும் நாலு நிரை ஏறி இறங்கவேண்டும். செடிக்குள் இருக்கிற கறையானின் செலவைக் கடைசியில் அவருடைய முழங்கால்தான் கட்டுகிறது.

மரத்தைத் தின்னாத மரத்துளைப்பான்

கறையானைவிடப் பெயர் பெற்றது தண்டு துளைக்கும் வண்டு. துப்பாக்கி ரவை பட்டதுபோல ஓட்டை போடுவதால் ஆங்கிலத்திலும் அப்படியே பெயர் வைத்துவிட்டார்கள். 1868இல் ஐக்கோஃப் என்ற ஜெர்மன் ஆய்வாளர் இலங்கையிலிருந்து கிடைத்த வண்டைக் கொண்டு இதை விவரித்தார். தேயிலையில் பீடையாக இது முதலில் பதிவானது 1892இல், நாவலப்பிட்டிப் பக்கத்து கிரெய்க்ஹெட் தோட்டத்தில். அங்கிருந்து மத்திய உயரத் தோட்டங்கள் முழுவதும் பரவிற்று. நம் பக்கம்போல உயர்ந்த, குளிர்ந்த மலைகளில் தொல்லை குறைவு. இறங்க இறங்கக் கூடும்.

பெண் வண்டு இரண்டு, இரண்டரை மில்லிமீற்றர்தான் இருக்கும். ஆண் அதைவிடச் சிறியது, பறக்காது. பென்சில் பருமனான கிளையைப் பெண் துளைத்து உள்ளே போய், கிளையைச் சுற்றி வளையமாகக் குடையும். எடுத்த மரத்தூளை அது தின்பதில்லை, வெளியே தள்ளிவிடும். வாய்ப் பக்கத்தில் உள்ள சிறு பைகளில் ஒரு பங்கசைக் கொண்டுவந்திருக்கும். அதைச் சுரங்கச் சுவரில் விதைக்கும். தாயும் பிள்ளைகளும் சாப்பிடுவது அந்தப் பயிரைத்தான். பங்கசு மரத்தைத் தின்கிறது, வண்டு பங்கசைத் தின்கிறது. நாம் வயல் செய்கிற மாதிரித்தான், பாருங்களேன்.

வளையமாகக் குடைந்த கிளை காற்றுக்கும் கொழுந்து எடுக்கிற கைக்கும் தாங்காமல் அந்த இடத்திலேயே ஒடிகிறது. ஒடிந்த இடம் செத்த மரமாகிப் பின்னால் உக்கலுக்கு இடம் கொடுக்கிறது. ஒருவர் திறந்த வாசலால் இன்னொருவர் வருகிறார்.

இந்த வண்டுக்கு எதிராக 1950களில் டீல்ட்ரின் என்ற கடும் பூச்சிகொல்லி அடிக்கப்பட்டது. வண்டு குறைந்தது. ஆனால் அதுவரை அடங்கிக் கிடந்த இலைச்சுருட்டுப் புழு தலைதூக்கிற்று. அந்தப் புழுவைக் கட்டுப்படுத்த 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ற்றஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அது தன் வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தது. மருந்து அந்தச் சமநிலையைக் கெடுத்துவிட்டது. உலகின் பீடை மேலாண்மைப் பாடங்களில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் சம்பவம் இது. நடந்தது நம் மலைகளில். உயிர்மரக் கறையானுக்கும் இதே சிக்கல்தான். தண்டுக்குள் இருப்பதை வெளியே தெளிக்கும் மருந்து எட்டாது. அதனால்தான் தாழ் நாட்டுக் கறையானுக்கு நூற்புழுக்களைத் தண்டுக்குள் செலுத்திக் கொல்லும் முறையை இலங்கை ஆய்வாளர் தந்தநாராயணவும் வித்தாரணவும் சோதித்து 1987இல் வெளியிட்டார்கள்.

வண்டின் கதை இலங்கையோடு முடியவில்லை. இதன் நெருங்கிய உறவினம் ஒன்று கலிபோர்னியாவிலும் இஸ்ரேலிலும் வெண்ணெய்ப்பழ மரங்களைத் துளைத்தது. தென்னாபிரிக்காவில் தெருவோர நிழல் மரங்களைச் சாய்த்துக்கொண்டிருக்கிறது. ஒரே வண்டு என்று நூறு ஆண்டுகளாக நம்பியது உண்மையில் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் பல இனங்கள் என்று மரபணு ஆய்வு பிரித்துக்காட்டியிருக்கிறது.

அடிக்கட்டையில் தங்கும் பங்கசு

மூன்றாவது கூட்டம் பங்கசுகள். இந்தத் துறையில் இலங்கைக்கு வழிகாட்டியவர் தோமஸ் பெற்ச். 1905இல் அரசாங்கப் பங்கசு ஆய்வாளராகப் பேராதனைக்கு வந்தார். தேயிலைச் செடியின் நோய்கள் பற்றிய அவருடைய நூல் 1923இல் வந்தது. 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் முதல் பணிப்பாளரும் அவரே. கொட்டகலைக்கு அடுத்த தலவாக்கலையில், சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறதே, அந்த நிறுவகம்தான்.

அக்கால ஆய்வுகள் சொன்ன முக்கியமான செய்தி இது. தேயிலைக்கு நடுவே நிழலுக்காக வைத்த கிரெவிலியா, தோட்டத்தில் நாம் சவுக்கு என்கிற மரம், வெட்டப்பட்டதும் அதன் அடிக்கட்டையில் அஸ்டுலினா என்ற பங்கசு பிடிக்கிறது. கட்டையின் மேல் கரி பூசியதுபோலப் படை தெரியும். கட்டையைத் தின்று முடித்துவிட்டு, அது வேர் வழியாகச் சுற்றியுள்ள தேயிலைக்கு நகர்கிறது. செடி ஒரு வாரத்தில் வாடிக் காய்ந்து நிற்கும். இலைகள் உதிராமல் அப்படியே தொங்கும். செத்தது தேயிலை, காரணம் எப்போதோ வெட்டிய நிழல் மரம். சிவப்பு வேர் நோய் என்ற போரியாவும் இதே மாதிரி மண்ணுக்குள் வேர்த்துண்டுகளில் தங்கிப் பரவும்.

ஆகவேதான் மரத்தை வெட்டுவதற்கு முன்னரே பட்டையை வளையமாக உரித்துவிட்டு நிறுத்திவைக்கும் வழக்கம் வந்தது. இலையில் செய்த உணவு வேருக்கு இறங்காது; வேரில் உள்ள மாப்பொருள் தீர்ந்துபோகும். பிறகு வெட்டினால் பங்கசுக்குப் பெரிய விருந்து கிடைக்காது. அடிக்கட்டையை வேரோடு தோண்டி எடுப்பதும், புதிதாக நடும் முன் நிலத்தில் ஒன்றரை, இரண்டு வருடம் குவாத்தமாலாப் புல் வளர்ப்பதும் அதே கருத்தில்தான். மண்ணில் மரத்துண்டு மிஞ்சக்கூடாது.

எல்லா வழியும் கவ்வாத்துக் கத்தியில்

கறையான், வண்டு, பங்கசு மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் நடுவில் நிற்பது கவ்வாத்து வெட்டு. தேயிலை இயற்கையாக விட்டால் மரமாக வளரும். அதை இடுப்பளவில் நிறுத்திவைப்பது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் கத்தி. நம் உயரத்தில் நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை வெட்டுவார்கள். பழைய விதைத் தேயிலை மலைகளில் நூறு வருடம் தாண்டிய செடிகள் உண்டு. ஒவ்வொரு செடிக்கும் இருபது, இருபத்தைந்து கவ்வாத்து கடந்திருக்கும். ஒவ்வொன்றிலும் பல காயம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வெட்டு நன்றாக இருந்தால் சுற்றிலும் பட்டை வளர்ந்து மூடிக்கொள்ளும். கத்தி மழுங்கிப் பிளந்தாலோ, கணுவுக்கு மேல் நீளக் குச்சியை விட்டாலோ அது மூடாது. காய்ந்து செத்துப்போகும். அந்தக் குச்சி முனைதான் ஈசல் தேடுகிற இடம். வெட்டியபின் வெறுமையாகிப்போன கிளைகளில் நேரே வெயில் அடித்தால் பட்டை வெந்து வெடிக்கும். ஹைப்பொக்சிலன் என்ற மர உக்கல் பங்கசு நுழைவது அந்த வெடிப்பில்.

இதற்குச் செய்யவேண்டியவை புதியவை அல்ல. தேயிலை ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லிவருபவை. கொடிய வரட்சியில் வெட்டக்கூடாது. வெட்டுவதற்கு முன் செடியைச் சில வாரம் ஓய்வாக விட்டு வேரில் மாப்பொருள் சேரவிட வேண்டும். வேர்த்துண்டில் அயடீன் தடவினால் கருநீலமாக மாறுவதை வைத்து அது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பாடசாலையில் உருளைக்கிழங்கில் செய்துகாட்டுகிற அதே சோதனைதான். கத்தி கூராக இருக்கவேண்டும். வெட்டு சரிவாக, மழமழப்பாக இருக்கவேண்டும். செத்த குச்சியை உயிர் மரம்வரை எடுத்துவிட வேண்டும். பெரிய வெட்டுக்குக் காயப்பூச்சு தடவவேண்டும். வெட்டிய கிளைகளாலேயே செடியின் மேல் நிழல் போடலாம்.

இவை எல்லாம் நேரம் கேட்கிற வேலை. ஆள் குறைந்து, ஒரு நாளைக்கு இத்தனை செடி என்று எண்ணிக்கை மட்டும் பார்க்கப்படும் இடங்களில் கத்தி ஓடுகிறது, காயம் கவனிக்கப்படுவதில்லை. அன்றைக்கு மிச்சம் பிடித்த கூலிக்கு ஐந்து, பத்து வருடம் கழித்து வெற்றிடமாகக் கணக்கு வரும். அப்போது அந்தக் கணக்கைப் பார்க்கிறவர் வேறு ஆளாக இருப்பார். கவ்வாத்துக்காரரின் கைத்திறனை நாம் ஒரு தொழிலறிவாக மதிப்பதில்லை என்பது என் மனக்குறை. நல்ல வெட்டு எது என்று தெரிந்த முதியவர்கள் இன்னும் நம் லயங்களில் இருக்கிறார்கள். அவர்கள் போனால் அதுவும் போகும்.

வீட்டருகேயும் வீட்டுக்குள்ளேயும்

தேயிலைக்குச் சொன்னது பெரிய மரத்துக்கும் பொருந்தும். தென்மேல் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் பாதையிலும் லயக் கூரையிலும் மரம் விழுவது இந்தப் பகுதிக்குப் பழகிப்போன செய்தி. விழுந்த மரத்தின் அடியைப் பார்த்தால் பல நேரம் நடுவே குழல்போல இருக்கும். கிளையை ஒடித்த காயம், விறகுக்காக வெட்டிய வேர், பாதை அகலமாக்கும்போது பட்ட அடி என்று ஏதோவொன்று வாசலாக இருந்திருக்கும். அடிமரத்தில் தட்டுப்போல நீட்டிக்கொண்டிருக்கும் காளான் கண்டால் உள்ளே உக்கல் வேலை நெடுநாள் நடந்திருக்கிறது என்று பொருள். கத்திப் பிடியால் தட்டிப் பார்த்தால் டம்மென்று வெற்றுச் சத்தம் வரும். இப்படி ஒரு மரம் லயத்துக்கு மேல்பக்கம் நின்றால் காற்றுக் காலத்துக்கு முன்னமே தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

வீட்டு மரத்திலும் யார் வந்திருக்கிறார் என்பதை எச்சத்தை வைத்தே சொல்லிவிடலாம். முகப்பவுடர் போல நைசான மா கொட்டினால் அது உளு வண்டு. கசகசா அளவில், விரலில் உருட்டினால் ஆறு பட்டையாகத் தெரியும் மணிகள் கிடந்தால் அது உலர்மரக் கறையான். சுவரில் மண் குழாய் ஏறினால் நிலத்துக் கறையான். ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு. புதுப் பலகையைப் போராக்சும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைத்தால் உளுவுக்கும் கறையானுக்கும் நல்ல தடை. மழை படாத இடத்து மரத்துக்கு மட்டுமே அது பொருந்தும், மழையில் கழுவுண்டு போகும். உக்கல் பங்கசுக்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரப்பதன் 20 வீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. ஆகையால் ஒழுகும் ஓட்டை மாற்றுவதும், கப்பு நிற்கும் இடத்தில் தண்ணீர் தேங்காமல் பார்ப்பதும் எந்த மருந்தைவிடவும் பெரிய பாதுகாப்பு.

பள்ளிவாசல் அலுமாரிகளைப் பற்றியும் ஒரு சொல். நம் முன்னோர் எழுதிய அறபுத்தமிழ்க் கிதாபுகள், பழைய கல்யாணப் பதிவுகள், மௌலிது ஏடுகள் எத்தனையோ ஊர்களில் சுவரோடு ஒட்டிய மர அலுமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. கடதாசி என்பது இலிக்னினும் நீக்கிய, சமைத்துவைத்த செலுலோசு. கறையானுக்கு இதைவிட இலகுவான உணவு இல்லை. பூட்டுவது பாதுகாப்பு என்று நினைக்கிறோம். இருட்டும் ஈரமும் அசைவின்மையும் அவைகளுக்கு வேண்டியவை. அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கால்களை நிலத்திலிருந்து உயர்த்தி, மாதத்துக்கு ஒரு தடவை திறந்து ஏடுகளைப் புரட்டவேண்டும். வசதி உள்ளவர்கள் ஒளிப்படமாகவும் எடுத்து வைக்கலாம்.

கடைசியாக, இந்த உயிர்களைப் பகைவர்களாக மட்டும் பார்த்துவிடக்கூடாது. காட்டில் விழும் ஒவ்வொரு கிளையும் மரமும் மண்ணாகத் திரும்புவது இவற்றால்தான். இவை இல்லாவிட்டால் செத்த மரங்கள் மலையாகக் குவிந்து, அடுத்த விதைக்குச் சத்து கிடைக்காமல் போயிருக்கும். செத்ததைத் தின்பது அவற்றுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. உயிருள்ள செடியில் செத்த ஒரு முனையை நாம் விட்டுவைத்தால் அதையும் தங்கள் வேலை என்றே எடுத்துக்கொள்ளும். இந்த வருடக் கவ்வாத்து முடிந்த மலைக்கு ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு நிரையில் மூடிய வெட்டு எத்தனை, காய்ந்த முனை எத்தனை என்று எண்ணச் சொல்லலாம். அதற்கு ஆய்வுகூடம் வேண்டாம், ஒரு கொப்பியும் பென்சிலும் போதும்.